பானெட்டுக்குள் என் சீர்க்குடம்

மெட்ராஸிலிருந்து வந்தவர் எங்கள் காரின் பானெட்டைத் தூக்கி, கழுத்து வரைக்கும் உள்ளே போயிருந்தார். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் ஓர் இன்லண்ட் லெட்டர் நீலமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதை எழுதியவள் நான்தான்.

டீக்கடை அடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எங்களிடம் உள்ள பழைய அமெரிக்கா காரை உடனே வந்து எடுத்துக்கொள்ளவும்’ என்று, என் வீட்டுக்காரர் எழுதுவதுபோல, அவருக்குத் தெரியாமல், நாலு மாதத்துக்கு முன்னால் கோபத்தில் எழுதிப் போட்ட லெட்டர். பதில் வராததால் நான் மறந்தே போயிருந்தேன். இப்போது பதிலுக்குப் பதிலாக ஆளே வந்து நிற்கிறார்!

காலையில் சவாரிக்காக மலையிறங்கி ஒடுகத்தூர் போன என் வீட்டுக்காரர்தான் அவரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். “மெட்ராஸ்காரரு. வண்டியப் பாக்கணுமாம். டீ போடு” என்று சொன்னதோடு சரி. லெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாடா, இன்னும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? அந்த ஆள் பையில் கையை விட்டால் என் கதை முடிந்தது.

“இது என்னங்க, பித்தளையா?” பானெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அமெரிக்கா வண்டில தண்ணி பம்பு பித்தளையிலயா வரும்?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாலைப் பார்த்தேன்.

பேர் இல்லாத வண்டி

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், மண் ரோடு முடியும் இடத்தில் எங்கள் டீக்கடை இருந்தது. நான் படவேட்டுக்காரி. நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவள். என்னை மலைமேல் கட்டிக்கொடுத்தபோது எங்கள் ஊரில் பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் “மாப்ள காரு வச்சிருக்காராம்” என்று பொறாமைப்பட்டார்கள். எப்படிப்பட்ட கார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த வண்டி அது. யாரோ ஒரு ஜமீன்தார், அப்புறம் ஒரு வக்கீல், அப்புறம் ஒரு மரக் கான்ட்ராக்டர் என்று கைமாறி எங்களிடம் வந்து சேர்வதற்குள், முன்னால் இருந்த பேர்த்தகடு எங்கேயோ விழுந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்டால் என் வீட்டுக்காரர் “அமெரிக்கா” என்பார். மலைக்காரர்களுக்கு அது ‘பிளஷர்’. அந்தக் காலத்தில் எந்தக் காராக இருந்தாலும் பிளஷர்தானே.

அதில் அமெரிக்கா எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது வேறு விஷயம். பிரேக்குக்குள் இருந்த வாஷர் ஆம்பூர்த் தோல். அதற்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். அதனால் இறக்கத்தில் பிரேக் போடும்போதெல்லாம் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற வீடு மாதிரி ஒரு வாசனை வரும். ஃபேன் பெல்ட், ரைஸ் மில்லில் கழித்துப் போட்ட பெல்ட்டைக் கீறி, செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தது. கியர் கம்பியின் தலையில் ஒரு பம்பரம். பின்கதவுக்கு எங்கள் மாட்டுக்கொட்டகைத் தாழ்ப்பாள்.

ஏறுகிற படி துருப்பிடித்து விழுந்தபோது, பக்கத்து வீட்டுப் பொன்னண்ணன் தன் பலாமரத்தில் ஒரு பலகை அறுத்துக் கொடுத்தார். சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிற மனிதர். என்னைத் தங்கச்சி என்பார். அன்றிலிருந்து உள்ளே இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். “என் பலக, நான் நிக்கிறேன். உனக்கு இன்னா?” என்று கதவைப் பிடித்துக்கொண்டு ஒடுகத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வருவார்.

எல்லாம் சரி, மலை ஏற வேண்டுமே! மூன்றாவது வளைவு வந்ததும் ரேடியேட்டர் உஸ்ஸென்று சீறும். அதனால் எங்கள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீரோடு வர வேண்டும். குடுக்கை இல்லாதவருக்கு இடம் இல்லை. “எங்க வூட்டு மாட்டுக்குக்கூட நான் இவ்ளோ தண்ணி காட்டனதில்ல” என்று பொன்னண்ணன் பெண்டாட்டி ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார்.

புதுப்பேட்டைக்கு ஜோடியாக

போன வாரம் இந்தப் பத்திரிகையில், எங்கள் கடைக்குள் கரடி புகுந்து சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதை எழுதியிருந்தேன். அது நிஜமா என்று கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறார்கள். நிஜம்தான். பொய் எழுதுவதென்றால் நான் கரடியைவிடப் பெரிதாக ஏதாவது எழுதியிருக்க மாட்டேனா? இந்த வாரம் சொல்வதும் நிஜம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், “மெட்ராஸ் போலாம், கெளம்பு” என்றார் என் வீட்டுக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்புடவை என்ன, தலைநிறைய முல்லை என்ன! பஸ்ஸில் அவர் மடியில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. எனக்கு ஏதோ வாங்கி வைத்திருக்கிறார், பீச்சில் கொடுப்பார் என்று நானும் கேட்காமலே வந்தேன்.

பொட்டலத்தை, பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் பிரித்தார். எங்கள் காரின் விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

அங்கே கடைக்காரர்கள் யாரும் எந்த வண்டி, எந்த வருஷம் என்று கேட்கவில்லை. “சாம்பிள் கீதா?” இந்த ஒரே கேள்விதான். சாம்பிளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், அடுத்த கடையைக் காட்டுவார்கள். பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆயிலும் சேறுமாக இருந்த சந்துகளில் கடை கடையாக ஏறி இறங்கினேன். வாயில் வராத வார்த்தை இல்லை, எல்லாம் மனசுக்குள்தான்.

கடைசியில் ஒரு கிழிந்த பனியன்காரர், ஆள் உயரக் குவியலுக்குள் கையை விட்டு ஒரு மூடியை எடுத்துப் போட்டார். “இது வேற வண்டிது. சுத்தி அரம் போட்டு ராவிக்கோ, குந்திக்கும்” என்றார். அதைக் கையில் வாங்கியபோது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

பீச்சுக்கும் போனோம். மடியில் மூடியை வைத்துக்கொண்டு அவர் அலையைப் பார்த்தார். நான் சுண்டல் தின்றேன். பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஈர மண்ணில் எடுத்த அளவு

தண்ணீர் பம்பு விஷயம் அப்படி முடியவில்லை. ஒரு நாள் பம்பைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சுற்றுகிற சக்கரத்தைத் துரு தின்று தீர்த்திருந்தது. இறக்கைகளில் பாதி இல்லை. மூடியும் வெடித்திருந்தது. சாம்பிளே கரைந்துபோன பிறகு புதுப்பேட்டைக்கு எதைக் கொண்டுபோவது?

“வார்த்துடலாம்” என்றார். எங்கள் படவேட்டில் குத்துவிளக்கும் கோயில் மணியும் வார்க்கிற கன்னார் ஒருவர் இருந்தார். அவருக்கு மாதிரி வேண்டும். என் வீட்டுக்காரர் புற்றுமண்ணைக் குழைத்துக்கொண்டு மூன்று நாள் வாசலில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த இறக்கையை ஈர்க்குச்சியால் அளந்து அளந்து, முழுச் சக்கரத்தையும் மண்ணிலேயே செய்துவிட்டார். வெயிலில் காயவைத்துப் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனார். கன்னாரும் அச்சு அசலாக அதே போல வார்த்துக் கொடுத்தார்.

மாட்டினால், அதே மூன்றாவது வளைவு, அதே உஸ்.

திரும்பவும் கழற்றினார். சுற்றிலும் ஒரு நெல் பருமனுக்குச் சக்கரம் சின்னதாக இருந்தது. தண்ணீரைத் தள்ளாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. “அளவு சரியாத்தானே எடுத்தேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஈரத்துல எடுத்தீங்களா, காஞ்ச அப்புறமா?” என்றேன்.

“ஈரத்துலதான்.”

எனக்கு வந்த சிரிப்பில் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. அடுப்பு போட்ட எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளே, மண் காய்ந்தால் சுருங்கும் என்று! வருஷா வருஷம் அடுப்பு வெடிப்பதும் நாங்கள் பூசுவதும் எதனால்?

“நாலு அடி தள்ளித்தானே இருந்த. முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க சொப்பு செய்றீங்கன்னு நெனச்சேன்.”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது மாதிரிக்குப் பொன்னண்ணன் மலைத்தேனடையில் எடுத்த மெழுகை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார். மெழுகில் செய்தது சுருங்கவில்லை. ஆனால் இப்போது கன்னாரிடம் பித்தளை இல்லை. கோயில் மணி ஒன்றுக்கு எல்லாம் போய்விட்டதாம். “பித்தளை கொண்டாந்தா சக்கரமும் மூடியும் சேத்தே வார்த்துத் தர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காலிப் பிரிமனை

மறுநாள் தண்ணீர் மொள்ளப் போனால் குடத்துக்கு அடியில் வைக்கிற பிரிமனைதான் இருக்கிறது, மேலே குடம் இல்லை.

சாதாரணக் குடமா அது? என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளைக் குடம். கழுத்தில் புள்ளி புள்ளியாக ‘ப. சரோஜா’ என்று என் பேர் வெட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் போட்ட சீர் அவளுடையது. புருஷனே ஆனாலும் கேட்காமல் தொட மாட்டார்கள்.

சாயங்காலம் சிரித்த முகமாக வந்து, மஞ்சளாக மின்னுகிற சக்கரத்தைக் கையில் தூக்கிக் காட்டினார். “என் கொடம் எங்க?” என்றேன். “இதான்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த பதினோரு நாளும். டீ டம்ளரை டொக்கென்று வைப்பேன், அதுதான் பேச்சு. அந்தப் பதினோரு நாளில்தான் வெல்லம் கட்டி வந்த காகிதத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய அமெரிக்கக் கார்களை வாங்குகிறவர் ஒருவர், மெட்ராஸ் விலாசம். உட்கார்ந்தேன், எழுதினேன், கடைசியில் என் வீட்டுக்காரர் பேரையும் நானே போட்டேன். அந்த லெட்டரை அதே காரில் உட்கார்ந்து போய்த்தான் ஒடுகத்தூர் தபால்பெட்டியில் போட்டேன். என் திமிரை என்ன சொல்வது!

அதே வாரம் புதுப் பம்போடு வண்டி முழுச் சுமையாக மலை ஏறியது. மூன்றாவது வளைவில் எல்லாரும் குடுக்கையைத் தூக்கிக்கொண்டு தயாரானார்கள். சத்தம் இல்லை. ஐந்தாவது வளைவு, ஏழாவது வளைவு, ஒன்றும் இல்லை. ஒரு தடவைகூடக் கொதிக்காமல் உச்சி வந்து சேர்ந்ததும், பொன்னண்ணன் பலகையிலிருந்து குதித்து, மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் என் வீட்டுக்காரர் தலையில் கொட்டினார். ஊரே கூத்தாடியது. கடைக்குள் நின்ற எனக்கும் உள்ளுக்குள் குதூகலம்தான். வெளியே காட்டிக்கொள்வேனா?

கோபம் அப்புறம் தானாகப் போய்விட்டது. லெட்டர்தான் போனது போனதுதான்.

மூடியில் என்ன எழுத்து?

இப்போது மெட்ராஸ்காரர் நிமிர்ந்து, கைக்குட்டையை உருவிக் கையைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

“பாடி அருமையா இருக்குங்க மாணிக்கம். நான் எடுத்துக்கறேன். இந்தத் தோலு, பம்பரம், பலகை, பித்தளை எல்லாத்தையும் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு, அமெரிக்காவுலேருந்தே ஒரிஜினல் பார்ட்ஸ் வரவழைச்சுடுவேன். இந்தப் படத்துல இருக்கற மாதிரி ஆயிடும் பாருங்க” என்று ஏதோ புத்தகத்தைக் காட்டினார்.

“பலகையையுமா?” என்றார் பொன்னண்ணன், வேடிக்கை பார்க்க வந்தவர்.

“ஆமாங்க, அதுதான் முதல்ல.”

பொன்னண்ணன் நடந்து போய்ப் பலகைமேல் ஏறி நின்றுகொண்டார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனிதர்? நான் சொல்லலாம். சொன்னால், ‘நீங்கதானே எழுதுனீங்க’ என்று மெட்ராஸ்காரர் லெட்டரை எடுப்பார். ஊரே பார்க்கும்.

மெட்ராஸ்காரர் மறுபடியும் குனிந்தார். பம்பு மூடியில் ஏறியிருந்த கிரீஸைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். “இதுல என்னமோ வெட்டியிருக்கே. புள்ளி புள்ளியா... ப... சரோஜா. யாருங்க சரோஜா?”

கரண்டியோடு வெளியே ஓடினேன். எட்டிப் பார்த்தேன். குடத்தின் கழுத்தில் இருந்த அதே எழுத்து, அதே புள்ளி. என் பேர்.

“கொடத்துல இருந்த மாதிரியே வெட்டித் தரச் சொன்னேன்” என்றார் என் வீட்டுக்காரர், காதைச் சொறிந்துகொண்டு. “நீதான் பேசவே இல்லியே. எப்ப சொல்றது? அப்புறம் மேல கிரீசு ஏறிடுச்சி.”

எனக்கு அந்தக் கார் வேண்டும். அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம், அந்தக் கார் மட்டும் வேண்டும் என்று இருந்தது. லெட்டர் வந்தால் வரட்டும், மானம் போனால் போகட்டும்.

“சார், அது என் சீருங்க” என்றேன்.

“சீரா?”

“எங்கம்மா குடுத்த பித்தள. பொறந்த வூட்டு சீர யாரும் விக்க முடியாதுங்க. வேணும்னா படவேட்டுக்குப் போயி எங்கம்மாவக் கேட்டுட்டு வாங்க. எங்கம்மாவ நீங்க பாத்ததில்ல.”

“அப்போ இந்தப் பித்தளைய மட்டும் கழட்டிக் குடுத்துடறேம்மா.”

“கழட்டினா வண்டி மல எறங்காது சார்” என்றேன்.

“பலகையும் தர மாட்டேன்” என்றார் பொன்னண்ணன் மேலே இருந்து. “தேன்மெழுகு வேற குடுத்திருக்கிறேன்.”

மெட்ராஸ்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “என்ன மாணிக்கம், நீங்க சொல்லுங்க.”

“வூட்ல சொல்லிட்டாங்களே சார்” என்றார் அவர். குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

மெட்ராஸ்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது. லெட்டரைப் பாதி உருவினார். என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். திரும்ப உள்ளே தள்ளிவிட்டுச் சிரித்தார். “எங்கம்மா இருந்திருந்தா இதையேதான் சொல்லியிருப்பாங்க. டீ குடும்மா, குடிச்சுட்டுக் கெளம்பறேன்.”

பஸ் ஸ்டாண்டு வரைக்கும்

அவரை பஸ் ஏற்றிவிட என் வீட்டுக்காரர் கிளம்பியபோது, “நானும் வர்றேன்” என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். இரண்டு பேரும் தனியாகப் போனால் வழியில் பேச்சு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

இறங்குகிற வழி முழுக்க நான் வாயை மூடவில்லை. புளி விளைச்சல், கரடி, எங்கள் ஊர்க் கோயில் திருவிழா, என் தங்கச்சி பிரசவம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். பாவம், அந்த மனிதர் “அப்படிங்களா, அப்படிங்களா” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. இறங்கினார், கும்பிட்டார். பிறகு பையில் இருந்த லெட்டரை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். “உங்க லெட்டர், நீங்களே வச்சுக்குங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க.”

“ஆமாங்க” என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் அசராமல். அவர் கையெழுத்துப் போட்டால் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

பஸ் போய்விட்டது.

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“காலையிலியே. பஸ்ஸ வுட்டு எறங்கனதும் எடுத்துக் காட்டுனாரு. நீங்க எழுதுனதுதானேன்னாரு. ஆமாங்கன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“வேற இன்னா சொல்றது? எங்க வூட்ல எனக்குத் தெரியாம எழுதிட்டாங்கன்னு ரோட்ல நின்னு சொல்லச் சொல்றியா?”

“அப்ப வித்திருப்பீங்களா?”

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேக்காம கொடத்த எடுத்தது தப்புதான். இவ்ளோ வெறுத்துட்டியேன்னு நெனச்சேன். உனக்கு வேணான்னா அப்புறம் எனக்கு மட்டும் எதுக்கு?”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும். பூக்காரம்மா எட்டிப் பார்த்து “இன்னாமா ஆச்சு?” என்று கேட்கிற அளவுக்கு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் கையை நீட்டி, “அந்த லெட்டரக் குடுங்க, கிழிச்சிப் போட்டுர்றேன்” என்றேன்.

“ஐயய்ய, அதெல்லாம் தர மாட்டேன்.” லெட்டரைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளி, மேலே கையை வைத்துக்கொண்டார். “வாயத் தொறந்து ஒருநாளும் என் பேரச் சொன்னதில்ல நீ. உன் கையால எழுதனது இதுல மட்டுந்தான் கீது.”